நாக்சோஸிலிருந்து சாண்டோரினிக்கு ஆகஸ்டில் கப்பல்: மணியைப் பார்க்காதீர்கள், காற்றைப் பாருங்கள்

கேட்டவரின் திட்டம் இது. ஆகஸ்ட் 14 அன்று, அறுபதைத் தாண்டிய அப்பா அம்மாவோடு கிரேக்கத்தின் நாக்சோஸ் தீவிலிருந்து சாண்டோரினிக்குக் கப்பலில் போக வேண்டும். அங்கே நான்கு நாள். பிறகு 18 காலை வேகக் கப்பலில் ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸுக்கு வந்து, அன்றிரவே சென்னைக்கு விமானம். அம்மாவுக்கு மலைப்பாதை பஸ்ஸிலேயே வயிற்றைப் புரட்டும். அப்பாவுக்கு முழங்கால் வலி. வேகக் கப்பலா, பெரிய கப்பலா? டிக்கெட் இப்போதே போட வேண்டுமா, அங்கே போய் வாங்கிக்கொள்ளலாமா? காற்றடித்தால் கப்பலையே நிறுத்திவிடுவார்களாமே, உண்மையா? ரத்தானால் என்ன கிடைக்கும்?

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். நாக்சோஸிலிருந்து சாண்டோரினிக்குப் பெரிய கப்பலில் போங்கள். டிக்கெட்டை இப்போதே போடுங்கள். காற்று விஷயம் முழுக்க உண்மை. அதனால் 18-ஆம் தேதித் திட்டத்தைக் கலைத்துவிட்டு வேறு மாதிரி அமையுங்கள். ஏன் என்பதுதான் இனி வரும் நீளமான பகுதி.

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஏஜியன் கடல் மேல் வடக்கிலிருந்து ஒரு காற்று வீசும். மெல்டெமி என்று பெயர். பால்கன் பக்கம் உயர் அழுத்தம், துருக்கி பக்கம் தாழ்வு அழுத்தம், இரண்டுக்கும் நடுவிலுள்ள கடல் வழியாகக் காற்று தெற்கே பாய்கிறது. இதில் நமக்குச் சுவாரசியமான சங்கதி ஒன்று உண்டு. அந்தக் கிழக்குப் பக்கத் தாழ்வழுத்தம் தனியாக உருவாவதில்லை. இந்தியத் துணைக்கண்டத்தின் மேல் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் உருவாகும் பெரிய தாழ்வழுத்தத்தின் வால் ஈரான் வழியாகத் துருக்கி வரை நீள்வதுதான் அது. கேரளத்தில் மழை கொட்டுவதும் நாக்சோஸ் துறைமுகத்தில் தொப்பி பறப்பதும் ஒரே ஏற்பாட்டின் இரண்டு முனைகள். பழங்கிரேக்கர்களே இதை ஆண்டுதோறும் வரும் காற்று என்று கணக்கு வைத்திருந்தார்கள்.

நம் ஊர்க்காரர்கள் இந்தக் காற்றில் ஏமாறுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. புயல் என்றால் நமக்குக் கருமேகம், மழை, இடி. மெல்டெமியில் ஒன்றும் இருக்காது. வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும், வெயில் அடிக்கும், கடற்கரைக் கடையில் உட்கார்ந்து காபி குடிக்கலாம். ஆனால் கப்பல் ஓடாது. கண்ணால் வானத்தைப் பார்த்துவிட்டு இன்றைக்கு வானிலை நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். காற்றின் வேக எண்ணைப் பாருங்கள்.

கிரேக்கத்தில் எல்லோரும் காற்றை போஃபோர்ட் அளவில்தான் பேசுவார்கள். தீவுக்காரர்கள் காலையில் சந்தித்துக்கொண்டால் இன்றைக்கு ஏழா எட்டா என்றே பேச்சு தொடங்கும். 6 என்றால் மணிக்கு 39 முதல் 49 கிலோமீட்டர். 7 என்றால் 50 முதல் 61. 8 என்றால் 62 முதல் 74. ஆகஸ்டில், நாக்சோஸும் சாண்டோரினியும் அடங்கிய சைக்ளடீஸ் தீவுகளுக்கு நடுவே 6, 7 என்பது சாதாரணம், 8 வருவதும் உண்டு. தொடங்கினால் இரண்டு மூன்று நாள் விடாமல் வீசும், சில சமயம் ஒரு வாரமும் தாண்டும். பிற்பகலில் உச்சம், இரவில் கொஞ்சம் தணிவு என்பது கரையோரத்தில் பொதுவாகச் சரி. நடுக்கடலில் அதை நம்ப முடியாது.

காற்று ஓர் அளவைத் தாண்டும் என்று முன்னறிவிப்பு வந்தால் கடலோரக் காவல் படையின் துறைமுக அலுவலகம் கப்பல்களைப் புறப்படவிடாது. கப்பல் கம்பெனியோ கேப்டனோ எடுக்கும் முடிவல்ல, அரசுத் தடை. துறைமுகத்தில் யாராவது “அபகோரெஃப்திகோ” என்று சொல்வது காதில் விழுந்தால் அன்றைக்குக் கப்பல் இல்லை என்று புரிந்துகொள்ளுங்கள். தடை எல்லாக் கப்பலுக்கும் ஒரே நேரத்தில் வருவதில்லை என்பதைக் கவனியுங்கள். சிறிய படகுகளும் வேகக் கப்பல்களும் முதலில் நிற்கும். பெரிய கப்பல்கள் அதற்குப் பிறகும் ஓடிக்கொண்டிருக்கும். 8, 9 என்று போனால்தான் பொதுவாக அவையும் கட்டிப்போடப்படும். ஆகவே பெரிய கப்பல் டிக்கெட் எடுத்தவர் போய்ச் சேருவதும், வேகக் கப்பல் டிக்கெட் எடுத்தவர் துறையில் நின்று கையசைப்பதும் ஒரே நாளில் நடக்கக்கூடியவை.

இனி கப்பல்களைப் பார்ப்போம். உங்கள் வழித்தடத்தில் பெரிய கப்பல் என்றால் பெரும்பாலும் புளூ ஸ்டார் ஃபெர்ரிஸ் கம்பெனியுடையது. பல ஆண்டுகளாக இந்தப் பாதையில் பெயர் பெற்ற கப்பல் புளூ ஸ்டார் டெலோஸ். தென்கொரியாவில் டேவூ தளத்தில் கட்டி 2011-இல் வந்தது, ஏறக்குறைய 2,400 பேரை ஏற்றும். காலையில் பிரேயஸிலிருந்து கிளம்பி, பரோஸ், நாக்சோஸ் என்று நின்று, பிற்பகலில் சாண்டோரினி சேர்ந்து, அங்கிருந்தே திரும்பி வரும். அட்டவணை ஆண்டுக்கு ஆண்டு மாறும், உங்கள் தேதிக்கு எந்தக் கப்பல் என்பதை முன்பதிவுத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். நாக்சோஸிலிருந்து சாண்டோரினிக்கு இதில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆகும். நடுவில் இயோஸ் தீவில் நிற்கும் கப்பல் என்றால் இன்னும் சற்று நேரம்.

வேகக் கப்பல் என்றால் முக்கியமாக சீஜெட்ஸ். இவற்றில் பல, இரட்டை உடல் கொண்ட கேட்டமரான் வகை. அந்தச் சொல்லே நம் கட்டுமரத்திலிருந்து போனதுதான். இதே தூரத்தை ஒன்றரை மணி நேரத்தில் கடந்துவிடும். கட்டணம் பெரிய கப்பலைவிட ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு வரை. சரி, கூடுதல் காசு கொடுத்து நீங்கள் வாங்குவது என்ன? முக்கால் மணி நேரம். அதையும் பல நாட்களில் ஆகஸ்ட் மாதத் தாமதங்கள் விழுங்கிவிடும். பதிலுக்கு இழப்பது என்ன? திறந்த மேல்தளம். பெரும்பாலான வேகக் கப்பல்களில் விமானம் மாதிரி உள்ளே உட்கார்ந்துகொண்டு, உப்பு படிந்த கண்ணாடி வழியாகத்தான் கடலைப் பார்க்க வேண்டும். கடல் கொந்தளித்தால் தப்பி வெளியே போய்க் காற்று வாங்க இடமில்லை. ஒருவர் வாந்தி எடுக்க ஆரம்பித்தால் அந்த வரிசையே ஆரம்பித்துவிடும். ஊழியர்கள் பையோடு ஓடி வருவார்கள், பழகிய முகத்தோடு. உங்கள் அம்மாவை அங்கே உட்கார வைக்காதீர்கள்.

ஏஜியன் அலைக்கு ஒரு குணம் உண்டு. தீவுகள் நெருங்கிக் கிடப்பதால் அலை நீண்டு உருண்டு வர இடமில்லை. குட்டையாக, செங்குத்தாக, அடுத்தடுத்து வரும். பெரிய கப்பலுக்கு நீளமும் எடையும் இருக்கிறது, பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்கும் துடுப்புகளும் உண்டு. 7 போஃபோர்ட்டில் அதுவும் ஆடும், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நிதானமாக ஆடும்.

திசையையும் மறக்காதீர்கள், பயணக் குறிப்புகளில் இதை யாரும் எழுதுவதில்லை. காற்று வடக்கிலிருந்து வருகிறது. நாக்சோஸிலிருந்து சாண்டோரினி தெற்கே. ஆக, போகும்போது காற்றும் அலையும் பின்னாலிருந்து தள்ளும். அதே கடல், அதே காற்று, ஆனால் திரும்பி வடக்கே வரும்போது கப்பல் அலையை நேராக முட்டிக்கொண்டு ஏறும். உங்கள் திட்டத்தில் மென்மையான பயணத்துக்கு எந்தக் கப்பல் என்று யோசிக்கிறீர்கள். சாண்டோரினியிலிருந்து பிரேயஸ் வரை ஐந்து மணி நேரத்துக்கு எதிர்க்காற்றில் வேகக் கப்பல் என்பதை மட்டும் சர்வ சாதாரணமாக எழுதியிருக்கிறீர்கள். கவலைப்பட வேண்டியது அந்தப் பயணத்துக்குத்தான்.

அம்மாவுக்கு: கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்து இருக்கையில் ஆட்டம் குறைவு. முன்பக்கக் கண்ணாடி ஓரம் காட்சிக்கு நன்றாக இருக்கும், ஆனால் தூக்கிப் போடும். போன் பார்க்க வேண்டாம், தொடுவானத்தைப் பார்க்கட்டும். வெறும் வயிறு கூடாது, நிறையச் சாப்பிடவும் கூடாது. அவோமின் போன்ற மாத்திரை என்றால் புறப்படுவதற்கு முன்பே போட வேண்டும், குமட்டல் வந்த பிறகு போட்டுப் பலனில்லை. தூக்கம் வரும், வேறு மருந்துகளோடு ஒத்துப்போகாமலும் இருக்கலாம். அதனால் ஊரிலேயே உங்கள் டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.

டிக்கெட்டுக்கு வருவோம். சாதாரண நாளில் நாக்சோஸ் கடற்கரைச் சாலையில் உள்ள ஏஜென்சியில் முதல் நாள் போய் வாங்கினாலே போதும். இருக்கை எண் இல்லாத சாதாரண டிக்கெட் அவ்வளவு எளிதில் தீராது. நீங்கள் போவது ஆகஸ்ட் 14. மறுநாள் 15, மாதாவின் விண்ணேற்புத் திருநாள். கிரேக்கத்தில் ஈஸ்டருக்கு அடுத்தபடி பெரிய நாள் அதுதான். ஏதென்ஸே காலியாகித் தீவுகளுக்குக் கிளம்பும். டினோஸ் தீவில் துறைமுகத்திலிருந்து மேட்டில் இருக்கும் மாதா கோயில் வரை முழங்காலால் ஊர்ந்து போய் வேண்டுதல் நிறைவேற்றுகிறார்கள். பரோஸிலும் பெரிய விழா உண்டு. உங்கள் கப்பலும் பரோஸ் வழியாகத்தான் வரும். இந்த வாரத்தில் கடைசி நேர டிக்கெட்டை நம்பவே கூடாது.

ஃபெர்ரிஹாப்பர் போன்ற தளங்களில் எல்லாக் கம்பெனி அட்டவணையையும் சேர்த்துப் பார்க்கலாம். கம்பெனித் தளத்திலேயே நேராகவும் போடலாம். டிக்கெட்டில் சாண்டோரினி என்று இல்லாமல் தீரா என்று இருந்தால் பதற வேண்டாம், அதே தீவுதான். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்கட்டும், பயணிகள் பட்டியல் சட்டப்படி கட்டாயம். தீவுகளுக்கு நடுவே பாஸ்போர்ட் சோதனை கிடையாது, ஆனால் கையில் வைத்திருங்கள். டிக்கெட் போனுக்கே வந்துவிடும், கியூஆர் குறியீட்டைக் காட்டி ஏறலாம். சிலவற்றில் முன்னதாக ஆன்லைனில் செக்-இன் செய்ய வேண்டியிருக்கும், மெயிலைக் கவனியுங்கள்.

வகுப்பில் மலிவானது எகானமி. எண் கிடையாது, கிடைத்த இடத்தில் உட்கார வேண்டும். கிரேக்கக் குடும்பங்கள் ஏறியதும் பையையும் பாட்டியையும் வைத்து இடம் பிடிக்கும் வேகத்துக்கு நாம் ஈடுகொடுக்க முடியாது, அதுவும் நடுவழித் துறையான நாக்சோஸில் ஏறும்போது நல்ல இடமெல்லாம் போயிருக்கும். அதனால் சில யூரோ கூடப் போனாலும் எண் போட்ட இருக்கையாகவே மூன்று பேருக்கும் எடுங்கள். பிசினஸ் வகுப்பு இரண்டு மணி நேரத்துக்குத் தேவையில்லை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பொதுவாகக் கட்டணமில்லை, ஆனால் டிக்கெட் உண்டு. இது உங்களுக்கல்ல, இதே பதிலைப் படிக்கும் மற்றவர்களுக்கு. வாடகைக் காரைக் கப்பலில் ஏற்றும் யோசனை யாருக்காவது இருந்தால், வாடகைக் கம்பெனியின் எழுத்து அனுமதி இல்லாமல் செய்யாதீர்கள். ஒரு தீவில் விட்டுவிட்டு அடுத்த தீவில் வேறு கார் எடுப்பது எப்போதும் சுலபம்.

பயண நாள் காலையில் செய்ய வேண்டியது ஒன்றுதான். மரைன் டிராஃபிக் தளத்தில் கப்பல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். உலகம் முழுவதும் கப்பல்களைக் காட்டும் இந்தத் தளமே ஏஜியன் பல்கலைக்கழகத்தில், 2007-இல், ஒரு கல்வித் திட்டமாகப் பிறந்ததுதான். உங்கள் கப்பல் காலையில் பிரேயஸை விட்டுக் கிளம்பியிருந்தால் அநேகமாக நாக்சோஸுக்கு வந்துவிடும். கிளம்பவில்லை என்றால் ஓட்டல் அறையைக் காலி செய்யாதீர்கள். முதல் நாள் மாலையே ஏஜென்சியில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது இன்னும் நல்லது. தடை பெரும்பாலும் முன்னறிவிப்பை வைத்தே போடப்படுவதால் அவர்களுக்கு வாசனை தெரிந்திருக்கும்.

நாக்சோஸ் துறைமுகத்துக்கு முக்கால் மணி முன்னால் போனால் போதும். நிழல் குறைவு, தொப்பியும் தண்ணீரும் வைத்துக்கொள்ளுங்கள். காத்திருக்கும் நேரத்தில் துறைமுகத்தை ஒட்டிய சின்னத் திட்டின் மேல் ஒரு மாபெரும் பளிங்கு வாசல் தனியாக நிற்பதைப் பார்க்கலாம். போர்ட்டாரா. கி.மு. 530 வாக்கில் அப்போலோவுக்குக் கட்டத் தொடங்கி முடிக்காமல் விட்ட கோயிலின் வாசல். கோயில் இல்லை, வாசல் மட்டும் இருக்கிறது.

கப்பல் துறைக்கு வரும் விதம் முதல் தடவை பார்ப்பவர்களுக்குத் திகைப்பாக இருக்கும். அவ்வளவு பெரிய கப்பல் துறைமுகத்துக்குள் வந்து அரை வட்டம் திரும்பி, நங்கூரத்தைப் போட்டு, பின்பக்கமாக வந்து ஒட்டும். ஒட்டுவதற்கு முன்பே பின்கதவு இறங்கத் தொடங்கிவிடும். விசில், கத்தல், லாரி, கார், மோட்டார் சைக்கிள், பெட்டி இழுக்கும் கூட்டம் எல்லாம் ஒரே வாய் வழியாக வெளியே வரும், அடுத்த நிமிடம் நீங்கள் அதே வாய்க்குள் போக வேண்டும். நடுவழித் துறையில் கப்பல் நிற்பது பத்துப் பதினைந்து நிமிடம்தான். இரண்டு கப்பல்கள் அடுத்தடுத்து வரும் என்பதால் கப்பலின் பெயரைப் படித்துவிட்டு ஏறுங்கள். கூட்டம் ஓடுகிறது என்று பின்னால் ஓடினால் மைக்கோனோஸில் இறங்க நேரிடும்.

உள்ளே நுழைந்ததும் வாகனத் தளம். பெட்டிகளுக்கு ஓரத்தில் தட்டுகள் இருக்கும், ஒவ்வொன்றிலும் தீவின் பெயர் எழுதியிருக்கும். சாண்டோரினி என்று எழுதிய தட்டில் வையுங்கள். எடை பார்க்க மாட்டார்கள், பூட்டவும் மாட்டார்கள். பாஸ்போர்ட், மருந்து, நகை, பணம் எல்லாம் கைப்பையில் மேலே போகட்டும். அப்பாவின் முழங்காலுக்கு ஒரு நல்ல செய்தி: புதிய பெரிய கப்பல்களில் வாகனத் தளத்திலிருந்து மேலே போக நகரும் படிக்கட்டும் லிஃப்டும் உண்டு. லிஃப்ட் எங்கே என்று ஊழியரிடம் கேளுங்கள், தயங்காமல் காட்டுவார்கள். பழைய கப்பல்களில் செங்குத்தான இரும்புப் படிதான். பெரிய கப்பல் என்று தேர்ந்தெடுக்கும்போது இதையும் பாருங்கள்.

சாப்பாட்டுக்குக் கவலையில்லை. காபிக் கடை, பர்கர் கடை எல்லாம் உள்ளே உண்டு. சைவக்காரர்களுக்குக் கீரை வைத்த ஸ்பனகோபிட்டா, பாலாடைக்கட்டி வைத்த டிரோபிட்டா கிடைக்கும். இவற்றில் முட்டை சேர்ந்திருக்கலாம். முட்டையும் கூடாது என்றால் “நிஸ்டிசிமோ” இருக்கிறதா என்று கேளுங்கள். அது அவர்களுடைய விரத உணவு. இறைச்சி, முட்டை, பால் எதுவும் இருக்காது. ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து 14 வரை மாதா திருநாளுக்கான விரத காலம் வேறு, நீங்கள் கேட்பது யாருக்கும் விசித்திரமாக இருக்காது.

பாதுகாப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அம்மா கேட்பார். 2000 செப்டம்பர் 26 இரவு எக்ஸ்பிரஸ் சமினா என்ற கப்பல் பரோஸுக்கு அருகே போர்ட்டெஸ் பாறைகளில் மோதி மூழ்கியது. 80 பேருக்கு மேல் இறந்தார்கள். பலத்த காற்று, பழைய கப்பல், கவனமில்லாத பணியாளர்கள், மூடியிருக்க வேண்டிய நீர்த்தடுப்புக் கதவுகள் திறந்து கிடந்தது என்று எல்லாம் சேர்ந்த விபத்து. அதன் பிறகு சோதனைகளும் விதிகளும் கடுமையாயின. இன்றைக்குத் தடை போட்டுக் கப்பலை நிறுத்தும்போது எரிச்சல் வந்தால் அதை நினைத்துக்கொள்ளுங்கள். நிறுத்துவது உங்களுக்காகத்தான்.

பயணத்தின் கடைசி அரை மணி நேரத்துக்கு மட்டும் எல்லோரும் மேல்தளத்துக்குப் போய்விடுங்கள். அதுவும் இடது பக்கம். கப்பல் இயோஸைத் தாண்டித் தெற்கே வந்து, சாண்டோரினியின் வடக்கு வாய் வழியாக எரிமலைக் குழிக்குள் நுழையும். குழி என்று சொன்னாலும் உள்ளே கடல்தான். ஏறக்குறைய 3,600 ஆண்டுகளுக்கு முன் வெடித்து நடுப்பகுதி உள்ளே சரிந்த எரிமலை இது, விளிம்புதான் இப்போது தீவாக நிற்கிறது. நுழையும்போது இடது கைப்பக்கம் மலை நுனியில் இயா ஊர், வலது பக்கம் தெராசியா தீவு. பிறகு இடது பக்கம் முழுக்க கறுப்பும் சிவப்பும் சாம்பலுமாக அடுக்கடுக்கான பாறைச் சுவர், சில இடங்களில் 300 மீட்டர் உயரம். அதன் உச்சியில் வெள்ளை வீடுகள். வலது பக்கம் கரியாகக் கிடக்கும் சிறு தீவு நேயா கமேனி, 1950-இல் கடைசியாக எரிமலைக் குழம்பு கக்கியது. பிற்பகல் கப்பலில் வந்தால் சூரியன் மேற்கே இருக்கும், வெளிச்சம் நேராக அந்தச் சுவர் மேல் விழும். சாண்டோரினிக்கு விமானத்தில் வந்து இறங்குபவர்களுக்கு இது கிடைக்காது. வேகக் கப்பலில் உள்ளே பூட்டிக்கொண்டு வருபவர்களுக்கும் பாதிதான் கிடைக்கும். பெரிய கப்பலை நான் வற்புறுத்துவதற்கு அம்மாவின் வயிறு ஒரு காரணம், இந்த அரை மணி நேரம் இன்னொன்று.

எரிமலை என்றதும் 2025 நினைவுக்கு வரும். அந்த ஆண்டு பிப்ரவரியில் சாண்டோரினிக்கும் அமோர்கோஸுக்கும் நடுவே கடலடியில் ஆயிரக்கணக்கான நிலநடுக்கங்கள் தொடர்ச்சியாக வந்தன. பத்தாயிரம் பேருக்கு மேல் தீவை விட்டு வெளியேறினார்கள், பெரும்பங்கு கப்பல்களில்தான். பிறகு அடங்கி, அந்தக் கோடையில் சுற்றுலா நடந்தது. போவதற்கு முன் செய்தியைப் பாருங்கள், அதற்கு மேல் இதில் பயப்பட ஒன்றுமில்லை.

கப்பல் நிற்கும் இடம் அதினியோஸ் துறைமுகம். படங்களில் பார்க்கும் கழுதைப் படிக்கட்டும் கேபிள் காரும் இங்கே இல்லை, அவை ஃபீரா ஊருக்குக் கீழே உள்ள பழைய துறைமுகத்தில். அங்கே உல்லாசக் கப்பல் பயணிகள்தான் சிறு படகில் வந்து இறங்குவார்கள். அதினியோஸ் என்பது பாறைச் சுவரின் அடியில் ஒரு குறுகிய தளம், அவ்வளவுதான். ஆயிரம் பேர் இறங்க, ஆயிரம் பேர் ஏறக் காத்திருக்க, பஸ், வேன், லாரி எல்லாம் அந்த இடத்திலேயே திரும்ப வேண்டும். மேலே போகும் சாலை கொண்டை ஊசி வளைவுகளாக மலையைப் பிடித்து ஏறும். அம்மாவின் மலைப்பாதைப் பிரச்சினை இங்கேதான் வரும், முன் இருக்கையை அவருக்குக் கொடுங்கள். அரசுப் பேருந்து மாதிரியான கேடெல் பஸ் கப்பல் நேரத்துக்கு வந்து ஃபீராவில் விடும், மலிவு. இயாவுக்கோ பெரிசாவுக்கோ போக வேண்டுமென்றால் அங்கே பஸ் மாற வேண்டும். டாக்சி மிகக் குறைவு. பெரியவர்களோடு போவதால் தங்குமிடத்திலேயே சொல்லி வேன் ஏற்பாடு செய்துவிடுங்கள், பெயர் எழுதிய அட்டையோடு ஆள் நிற்பார். இந்த ஒரு செலவில் கஞ்சத்தனம் வேண்டாம்.

இறங்கும்போது ஒரு விஷயம். துறை வர இருபது நிமிடம் இருக்கும்போதே ஒலிபெருக்கியில் அழைப்பார்கள். உடனே எல்லோரும் வாகனத் தளத்துக்கு இறங்கி, எஞ்சின் புகையிலும் வெக்கையிலும் பெட்டியோடு நிற்பார்கள். அப்பாவையும் அம்மாவையும் அந்தக் கூட்டத்தில் சீக்கிரம் இறக்க வேண்டாம். நீங்கள் மட்டும் போய்ப் பெட்டிகளை எடுங்கள், கப்பல் திரும்பத் தொடங்கும்போது அவர்கள் லிஃப்டில் வரட்டும். அதற்காக மேலேயே உட்கார்ந்துவிடவும் கூடாது. கப்பல் கொஞ்ச நேரம்தான் நிற்கும்.

கப்பல் ரத்தானால் என்ன கிடைக்கும் என்று கேட்டிருந்தீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் கப்பல் பயணிகளுக்கென்று 2010-இல் ஒரு சட்டம் வந்தது. ரத்தானாலோ, புறப்பாடு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தாமதமானாலோ, முழுப் பணமும் திரும்ப வாங்கலாம் அல்லது அடுத்த கப்பலில் கூடுதல் காசில்லாமல் போகலாம். தேர்வு உங்களுடையது. உங்கள் பயணம் நான்கு மணி நேரத்துக்குட்பட்டது என்பதால், ஒரு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் டிக்கெட் விலையில் 25 சதவீதமும், இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் 50 சதவீதமும் இழப்பீடு கேட்கலாம். ஆனால் காரணம் வானிலை என்றால் இந்த இழப்பீடு கிடையாது, ஓட்டல் செலவும் கம்பெனி தர வேண்டியதில்லை. ஆகஸ்டில் காரணம் பெரும்பாலும் வானிலைதான். அதனால் சட்டத்தை நம்பாமல், பயணக் காப்பீட்டில் கப்பல் தாமதம் சேர்ந்திருக்கிறதா என்று இப்போதே படித்துப் பாருங்கள். இன்னொன்று, மாலுமிகள் சங்கம் அவ்வப்போது 24 மணி நேர வேலைநிறுத்தம் அறிவிக்கும். மே தினத்தில் வழக்கமாகவே நடக்கும். முன்கூட்டிச் சொல்லிவிடுவார்கள், செய்தியைப் பார்த்தால் போதும்.

தடை விழுந்து நாக்சோஸில் மாட்டிக்கொண்டால் வருத்தப்படாதீர்கள். மாட்டிக்கொள்ள அதைவிட நல்ல தீவு சைக்ளடீஸில் இல்லை. தீவு பெரிது, சொந்த உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் விளையும் ஊர், அறை வாடகையும் சாண்டோரினி அளவுக்கு இல்லை. தடை நீங்கியதும் தேங்கிய கூட்டம் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பும், அட்டவணை ஒரு நாள் முழுக்கக் குழம்பியிருக்கும். ஏஜென்சியில் உடனே போய் டிக்கெட்டை அடுத்த பெரிய கப்பலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், மெயில் வரும் என்று காத்திருக்காதீர்கள். சாண்டோரினி ஓட்டலுக்கு அன்றே தகவல் சொல்லுங்கள். காற்றுத் தடை அவர்களுக்குப் புதிதல்ல, பலர் தேதி மாற்றித் தருவார்கள்.

இனி 18-ஆம் தேதி. அன்று 7 போஃபோர்ட் வீசினால் உங்கள் வேகக் கப்பல் நிற்கலாம். நின்றால் சென்னை விமானம் போய்விடும், மூன்று டிக்கெட், திருவிழா வாரத்தில் புது டிக்கெட் விலை. ஓடினாலும் ஐந்து மணி நேரம் எதிரலையில் அம்மா. பிரேயஸில் இறங்கி விமான நிலையம் போக மெட்ரோவின் மூன்றாவது பாதை நேராக இருக்கிறது, ஏறக்குறைய ஒரு மணி நேரம், எக்ஸ்96 பஸ்ஸும் உண்டு. அந்தப் பகுதியில் சிக்கல் இல்லை. சிக்கல் கடலில்தான்.

இரண்டு வழி சொல்கிறேன். முதலாவது, 17 அன்றே சாண்டோரினியிலிருந்து விமானத்தில் ஏதென்ஸ் வந்துவிடுங்கள். ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஏஜியன், ஸ்கை எக்ஸ்பிரஸ் என்ற இரண்டு விமானக் கம்பெனிகளும் ஓட்டுகின்றன. கப்பல் தடை விமானத்துக்குப் பொருந்தாது. இரவு ஏதென்ஸில் தங்கி, மறுநாள் பகலில் அக்ரோபோலிஸ் அருங்காட்சியகம் பார்த்துவிட்டு இரவு விமானம் ஏறலாம், அங்கே லிஃப்ட் இருப்பதால் அப்பாவுக்கும் சிரமமில்லை. இரண்டாவது, விமான டிக்கெட் விலை கட்டுப்படியாகவில்லை என்றால், அதே 17 அன்று பிற்பகல் பெரிய கப்பலில் பிரேயஸ் வாருங்கள். ஏழரை எட்டு மணி நேரம், இரவு நேரத்தில் வந்து சேரும், பிரேயஸிலேயே அறை எடுத்துக்கொள்ளுங்கள். கேபின் கிடைத்தால் ஒன்று எடுத்து அம்மாவைப் படுக்க வையுங்கள், படுத்தால் குமட்டல் பாதியாகக் குறையும்.

உங்கள் குடும்பத்துக்கு முதல் வழியே சரி என்பது என் கருத்து. சாண்டோரினியில் ஒரு நாள் குறையும். ஆகஸ்ட் நடுவில், அந்தக் கூட்டத்தில், மூன்று நாளே தாராளம்.